குடியில்லாத தொகுதி

நம் நாட்டு வருவாய்த் துறைக் கணக்குகளில் ‘பேச்சிராக்குக் கிராமம்’ என்றொரு பெயர் வழங்கும். பாரசீக மொழியிலிருந்து வந்த சொல் அது. விளக்கில்லாத ஊர் என்பது அதன் பொருள். கணக்கில் ஊருக்குப் பெயர் இருக்கும், எல்லை இருக்கும், நிலத்தின் அளவும் இருக்கும். மாலையில் விளக்கேற்றுவதற்கு ஒரு வீடுதான் இராது. அத்தகைய ஓர் ஊர் பாராளுமன்றத்திற்கு இரண்டு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது என்றால் நம்புவது அரிது. ஆயினும் இங்கிலாந்தில் அது நிகழ்ந்தது. ஓராண்டு ஈராண்டு அன்று, பல நூற்றாண்டுகள் நிகழ்ந்தது. அத்தொகுதியின் பெயர் ஓல்டு சாரம். பாராளுமன்றங்களுக்கெல்லாம் தாய் என்று புகழப்பெறும் சபையின் வரலாற்றில் அது ஒரு விந்தையான அத்தியாயம். அந்த அத்தியாயத்தில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு.

தென் இங்கிலாந்தில் வில்ட்ஷயர் மாவட்டத்தில், சால்ஸ்பரி நகருக்கு வடக்கே இரண்டு மைல் தொலைவில் ஒரு மேடு இருக்கிறது. கிறிஸ்து பிறப்பதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே மக்கள் அதனைச் சுற்றி மண்ணரண் எழுப்பி வாழ்ந்தனர். 1066-இல் இங்கிலாந்தை வென்ற நார்மானிய மன்னன் வில்லியம் அம்மேட்டின்மீது ஒரு கோட்டை கட்டினான். 1086-இல் நாட்டின் பெருநிலக்கிழார்களை அங்கே வரவழைத்துத் தனக்கு விசுவாசப் பிரமாணம் செய்வித்தான். 1092-இல் கோட்டைக்கு அருகே ஒரு பெரிய தேவாலயமும் எழுந்தது. கோட்டையையும் கோயிலையும் சார்ந்து ஊர் வளர்ந்தது.

ஆனால் அந்த மேட்டில் தண்ணீர் அரிது, காற்றோ கடுமை. கோட்டைக் காவலருக்கும் குருமார்களுக்கும் ஓயாத பூசல். இவற்றைப் பொறாத குருமார்கள் கீழேயுள்ள ஆற்றுச் சமவெளியில் 1220-இல் புதிய தேவாலயத்திற்கு அடிக்கல் நாட்டினர். கோயில் இறங்கியது, அதன் பின்னே வணிகரும் கைவினைஞரும் இறங்கினர். அவ்வாறு உருவான புதிய ஊரே இன்றைய சால்ஸ்பரி நகரம். மேட்டிலிருந்த பழைய கோயிலின் கற்களையும் பெயர்த்துக் கொண்டுபோய்ப் புதிய கோயிலின் சுற்றுமதிலுக்குப் பயன்படுத்தினர். கோட்டையும் நாளடைவில் பாழடைந்தது. ஊர் தேய்ந்து தேய்ந்து வயலாயிற்று, புல்வெளியாயிற்று.

இந்தத் தேய்வு தொடங்கிய பிறகுதான் ஊருக்குப் பிரதிநிதித்துவம் வந்தது என்பது வியப்பு. 1295-இல் மன்னன் முதலாம் எட்வர்டு கூட்டிய பாராளுமன்றத்திற்கு ஓல்டு சாரத்திலிருந்து இருவர் அழைக்கப்பெற்றனர். அதன்பின் சிறிது இடைவெளி. பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் அழைப்பு இடையறாது வந்தது. தேர்தல் ஆணைகள் ஊரின் பெயருக்கு அனுப்பப்பட்டனவே ஒழிய, அவ்வூரில் எத்தனை பேர் வாழ்கின்றனர் என்று எவரும் கேட்கவில்லை. ஒருமுறை பட்டியலில் ஏறிய ஊர் ஏறியதுதான். மன்னர்கள் தம் விருப்பம்போல் புதிய ஊர்களைப் பட்டியலிற் சேர்த்தனர். தேய்ந்த ஊர்களை நீக்கும் வழக்கம் ஏற்படவில்லை.

குடிகளே இல்லையென்றால் வாக்களித்தவர் யார்? இந்தக் கேள்வியில்தான் தொகுதியின் உயிர்நிலை இருக்கிறது. அக்காலத்து இங்கிலாந்தில் வாக்குரிமை ஊருக்கு ஊர் வேறுபட்டது. சில ஊர்களில் வரி செலுத்துவோர்க்கெல்லாம் வாக்கு உண்டு. சில ஊர்களில் நகரசபையினர்க்கு மட்டுமே உண்டு. ஓல்டு சாரம் போன்ற ஊர்களில் ‘பர்கேஜ்’ என்னும் பழைய மனையுரிமை பெற்றோர்க்கே வாக்கு. இந்த முறையில் வாக்கு மனிதனைச் சார்ந்ததன்று, மனையைச் சார்ந்தது. மனையில் வீடு இடிந்து போகலாம். உழுது கோதுமை விதைக்கலாம். அதற்குரிய வாக்கு மட்டும் அழியாது. அந்த நிலத்தின் பட்டயம் எவர் கையில் உள்ளதோ அவரே வாக்காளர்.

இதன் விளைவை எளிதில் ஊகிக்கலாம். நிலத்தை விற்கலாம் என்றால் வாக்கையும் விற்கலாம். எல்லா மனைகளையும் ஒருவரே வாங்கிவிட்டால் தொகுதி முழுவதும் அவர் கைக்குள் வந்துவிடும். தேர்தல் நெருங்கும்போது நிலச் சொந்தக்காரர் தம் நம்பிக்கைக்குரிய நண்பர்க்கும் பணியாளர்க்கும் பட்டயங்களை மாற்றிக் கொடுப்பார். அவர்கள் வாக்களிப்பார்கள். தேர்தல் முடிந்ததும் பட்டயங்கள் மீண்டும் சொந்தக்காரரிடம் வந்து சேரும். தேர்தல் நடைபெற்ற இடம் ஒரு தானிய வயல். அங்கே நின்ற ஒரு மரத்தடியில் கூடாரம் அடிப்பார்கள்; அதிகாரி ஆணையைப் படிப்பார்; இரண்டு பெயர்கள் முன்மொழியப்படும்; மறுப்பார் இல்லை; உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்று அறிவிக்கப்படும். அம்மரத்திற்குப் பாராளுமன்ற மரம் என்றே பெயர் வழங்கியது.

1691-ஆம் ஆண்டளவில் இந்த மேட்டையும் அதனைச் சார்ந்த நிலங்களையும் விலைக்கு வாங்கியவர் தாமஸ் பிட். இவர் ஒரு பாதிரியாரின் மகன். இளமையிலேயே இந்தியாவுக்கு வந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் தனியுரிமையை மீறித் தம் சொந்தக் கணக்கில் வாணிகம் செய்தவர். அக்குற்றத்திற்காகக் கம்பெனி அவர்மீது வழக்குத் தொடர்ந்து அபராதமும் பெற்றது. அவர் பணம் சேர்த்தார், நிலம் வாங்கினார், நிலத்தோடு பாராளுமன்ற இடங்களும் வந்தன. எதிர்த்து வெல்ல முடியாதவரை அணைத்துக் கொள்வதே அறிவுடைமை என்று கம்பெனியார் கருதினர் போலும்! 1698-இல் அதே தாமஸ் பிட் புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னராகச் சென்னைக்கு வந்து சேர்ந்தார்.

அவருடைய ஆட்சி 1709 வரை நீடித்தது. 1702-இல் நவாப் தாவூத் கான் சென்னையைச் சில மாதங்கள் முற்றுகையிட்டபோது கோட்டையைக் காத்தவர் இவரே. திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு என்னும் ஐந்து ஊர்களையும் 1708-இல் கம்பெனிக்குப் பெற்றுத் தந்தவரும் இவரே. ஆயினும் உலகம் அவரை ‘வைரப் பிட்’ என்றே நினைவில் வைத்திருக்கிறது. கிருஷ்ணா நதிக்கரைச் சுரங்கத்தில் கிடைத்த 410 காரட் எடையுள்ள வைரம் ஒன்றை ஜாம்சந்து என்னும் வணிகரிடம் அவர் ஏறத்தாழ 20,400 பவுனுக்கு வாங்கினார். பட்டை தீட்டிய பின் 1717-இல் பிரெஞ்சு நாட்டின் ஆட்சிப் பொறுப்பேற்றிருந்த ஆர்லியன்ஸ் கோமகனுக்கு 135,000 பவுனுக்கு விற்றார். பாரிஸ் நகரத்து லூவர் அருங்காட்சியகத்தின் புகழ்பெற்ற மணிகளுள் அது ஒன்று. வைரத்தை விற்ற பணத்தில் ஓல்டு சாரத்தை வாங்கினார் என்று சிலர் கூறுவது பொருந்தாது. தொகுதி முந்தியது, வைரம் பிந்தியது. ஆனால் இரண்டையும் வாங்கிய செல்வம் இந்திய வாணிகத்தில் ஈட்டியதுதான். தாயகம் திரும்பிய பின் அவர் மீண்டும் ஓல்டு சாரத்தின் உறுப்பினராய் அமர்ந்தார். அவருக்குப்பின் தொகுதி, மற்றச் சொத்துகளைப் போலவே, அவர் சந்ததியார்க்குச் சென்றது.

அந்தச் சந்ததியில் ஒருவர் இங்கிலாந்தின் தலைசிறந்த அரசியலறிஞருள் ஒருவராக விளங்கினார். அவர்தாம் தாமஸ் பிட்டின் பேரர் வில்லியம் பிட். தொகுதியின் உரிமையாளராகிய தமையனார் 1734 பொதுத் தேர்தலில் இரண்டு இடங்களில் தேர்ந்தெடுக்கப்பெற்று, வேறொரு தொகுதியை ஏற்றுக் கொண்டார். காலியான ஓல்டு சாரம் 1735-இல் தம்பிக்குக் கிடைத்தது. அப்போது வில்லியமுக்கு வயது 26. அவர் அந்த இடத்திற்காக யாரிடமும் வாக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை. கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. பின்னாளில் ஏழாண்டுப் போரில் தம் நாட்டை வெற்றிக்கு நடத்திச் சென்றவரும், சாதாம் பிரபு என்னும் பட்டம் பெற்றவரும் அவரே.

பழைய முறையை ஆதரித்தவர்கள் இதனையே தம் முதல் வாதமாகக் கொண்டனர். மக்கள் கூட்டத்தின் முன் நின்று வெல்ல இயலாத இளம் மேதைகள் சபைக்குள் நுழைய இத்தொகுதிகள் வாயிலாக உள்ளன அல்லவா என்று அவர்கள் கேட்டனர். ஓர் உறுப்பினர் தம் தொகுதிக்கு மட்டுமன்றி நாடு முழுவதற்குமே பிரதிநிதி. ஆகையால் உறுப்பினர் இல்லாத ஊர்களும் மறைமுகமாகப் பிரதிநிதித்துவம் பெற்றனவே என்றும் வாதித்தனர். இவ்வாதங்களை வெறும் சூழ்ச்சி என்று தள்ளிவிட முடியாது. பர்க் போன்ற பேரறிஞர்களும் இத்தகைய சிறு தொகுதிகளின் வழியாகச் சபையை அடைந்தவர்களே.

ஆனால் இவ்வாதத்திற்கு விடை கூறியவரும் அந்த வாயிலின் வழியே வந்த வில்லியம் பிட்டே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அமெரிக்கக் குடியேற்ற நாட்டினர்மீது முத்திரை வரி விதித்ததைப்பற்றி 1766-இல் காமன்ஸ் சபையில் விவாதம் நடந்தது. அமெரிக்கர்க்கும் மறைமுகப் பிரதிநிதித்துவம் உண்டு என்று வரியை ஆதரித்தவர்கள் கூறினர். பிட் அதனை மறுத்தார். பாழடைந்த தொகுதிகளின் பிரதிநிதித்துவம் நம் அரசியலமைப்பின் அழுகிய பகுதி. அது இந்த நூற்றாண்டைத் தாண்டாது. தானாக உதிராவிட்டால் வெட்டி எறியப்பட வேண்டும் என்ற கருத்துப்பட அவர் பேசினார். தம் குடும்பச் சொத்தையே அழுகல் என்று கூற அவர் தயங்கவில்லை.

அழுகல் எங்கெல்லாம் பரவியது என்பதை நாம் அறிய வேண்டும். விலைக்குக் கிடைக்கும் தொகுதி செல்வம் படைத்த எவர்க்கும் கிடைக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவில் பெரும்பொருள் திரட்டித் திரும்பிய கம்பெனி அதிகாரிகளை ஆங்கிலேயர் ‘நபாபுகள்’ என்று ஏளனமாக அழைத்தனர். அவர்களுட் பலர் தம் செல்வத்தைக் கொண்டு சபையில் இடம் வாங்கினர். ஆர்க்காட்டு நவாப் முகமது அலிக்குக் கடுவட்டிக்குக் கடன் கொடுத்த சென்னை அதிகாரிகள் அக்கூட்டத்தில் முன் நின்றனர். அவர்களுள் ஒருவரான பால் பென்பீல்டு, தஞ்சைச் சீமையின் விளைச்சலையே தம் கடனுக்கு ஈடாகக் கோரியவர். அவர் 1780-இல் பாராளுமன்றத்தில் நுழைந்தார். ஆர்க்காட்டு நவாபுக்கு இச்சபையில் ஏழெட்டு உறுப்பினர்கள் இருக்கின்றனர் என்று வில்லியம் பிட்டின் மகன் இளைய பிட் 1782-இல் சபையிலேயே குற்றம் சாட்டினார். 1785-இல் பர்க் இக்கடன்களைப்பற்றி ஆற்றிய நெடிய உரை வரலாற்றுப் புகழ் பெற்றது. காவிரிக் கரை உழவனின் நெல் யாருக்குச் சேர வேண்டும் என்பதை முடிவு செய்யும் சபையில், அந்த நெல்லுக்கு உரிமை கொண்டாடியவர்களே அமர்ந்திருந்தனர். ஆங்கிலேயக் குடிமக்களும் அவர்களைத் தடுக்க இயலவில்லை. அவ்விடங்களுக்கு ஆள் தேர்வது குடிமக்கள் கையில் இல்லை.

அதே 1785-இல், அப்போது முதலமைச்சராயிருந்த இளைய பிட் ஒரு சீர்திருத்த மசோதாவைக் கொண்டுவர முயன்றார். பாழடைந்த 36 தொகுதிகளை, அவற்றின் உரிமையாளர்க்கு நட்டஈடு கொடுத்து நீக்குவது அவர் நோக்கம். வாக்குரிமை எந்த அளவுக்குத் தனியார் சொத்தாகிவிட்டது என்பதற்கு அந்த நட்டஈடே சான்று. சபை 248 வாக்குகளுக்கு 174 என்ற கணக்கில் அம்முயற்சியைத் தோற்கடித்தது. தாம் அமர்ந்திருக்கும் கிளையை வெட்டுவதற்கு உறுப்பினர் பலர்க்கு மனம் வரவில்லை. பிரெஞ்சுப் புரட்சி வெடித்த பிறகு, சீர்திருத்தம் என்ற சொல்லே அச்சம் தருவதாயிற்று.

இடையில் ஓல்டு சாரத்தில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. 1801-இல் அதன் உரிமையாளராயிருந்த இரண்டாம் கேமல்போர்டு பிரபு, ஜான் ஹார்ன் டூக் என்னும் சீர்திருத்தவாதியை உறுப்பினராக்கினார். பாழடைந்த தொகுதிகளை ஒழிக்க வேண்டும் என்று முழங்கியவர், அவற்றுள் தலைமையானதன் வழியாகவே சபைக்குள் வந்தார்! அவர் முன்னர் குருப்பட்டம் பெற்றவர் என்பதைக் காட்டி எதிரிகள் தடை எழுப்பினர். குருமார்கள் காமன்ஸ் சபையில் அமரலாகாது என்று அவ்வாண்டே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. யாரும் வாழாத ஊர் எவரை அனுப்பலாம் என்று சட்டம் செய்தவர்கள், அவ்வூர் எவரையேனும் அனுப்பலாமா என்று கேட்கவில்லை.

மறு ஆண்டு, 1802-இல், கேலிடன் பிரபு 60,000 பவுன் விலை கொடுத்து ஓல்டு சாரத்தை வாங்கினார். வயலுக்கும் புல்லுக்கும் கொடுத்த விலை அன்று அது. இரண்டு பாராளுமன்ற இடங்களின் விலை. புதிய உரிமையாளரின் குடும்பச் செல்வமும் இந்தியாவில் ஈட்டியதே. அவருடைய அத்தையை மணந்தவர் 1770 முதல் 1773 வரை சென்னைக் கவர்னராயிருந்த ஜோசையாஸ் டு பிரே. 1831-இல் இத்தொகுதியின் கடைசி உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இருவரும் அக்குடும்பத்தினரே. அவர்களுள் ஒருவர் பெயர் ஜோசையாஸ் டு பிரே அலெக்சாந்தர். கம்பெனியின் இயக்குநர்களுள் ஒருவர். சென்னைக் கவர்னராக வந்த பிட்டிடம் தொடங்கிய தொடர்பு, முன்னாள் சென்னைக் கவர்னர் ஒருவரின் பெயரைத் தாங்கியவரோடு முடிந்தது. அக்கடைசித் தேர்தலில் வாக்குரிமை பெற்றிருந்தோர் 11 பேர். அவர்களுள் ஒருவரும் அந்த மேட்டில் குடியிருந்தவரல்லர்.

இதே காலத்தில் வடக்கே வேறொரு காட்சி. நீராவி இயந்திரத்தாலும் பஞ்சாலையாலும் வளர்ந்த மான்செஸ்டரில் லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்தனர். அந்நகருக்கெனச் சபையில் ஓர் உறுப்பினரும் இல்லை. பர்மிங்காமுக்கும் லீட்சுக்கும் அதே நிலை. 1819-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் மான்செஸ்டரின் புனித பீட்டர் திடலில் ஏறத்தாழ 60,000 மக்கள் பிரதிநிதித்துவம் வேண்டிக் கூடினர். குதிரைப்படை வாளுருவி அவர்கள்மீது பாய்ந்தது. பலர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். ஆளில்லாத மேட்டுக்கு இரண்டு உறுப்பினர். ஆயிரமாயிரம் மக்கள் கேட்டபோது வாள்வீச்சு. இந்த முரண்பாட்டை நெடுநாள் தாங்கும் வலிமை எந்த அரசியலமைப்புக்கும் இல்லை.

1831 மார்ச்சு முதல் நாள் ஜான் ரசல் பிரபு சீர்திருத்த மசோதாவைக் காமன்ஸ் சபையில் கொண்டுவந்தார். இங்கிலாந்தின் சுதந்திரத்தைப்பற்றிக் கேள்வியுற்ற அயல்நாட்டான் ஒருவன் அதனைக் காண வருவதாகக் கற்பனை செய்யுங்கள் என்றார். அவனை ஒரு பாழ்மேட்டுக்கு அழைத்துச் சென்று, இது இரண்டு உறுப்பினர்களை அனுப்புகிறது என்று காட்டினால் அவன் என்ன நினைப்பான்? பிறகு தொழில் செழிக்கும் பெருநகர் ஒன்றுக்கு அழைத்துச் சென்று, இதற்கு உறுப்பினரே இல்லை என்றால் அவன் வியப்பு எத்தகையதாய் இருக்கும்? இவ்வாறு அவர் கேட்டார். மேட்டின் பெயரைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை, அனைவர்க்கும் தெரியும்.

மசோதாவின் இரண்டாம் வாசிப்பு 302-க்கு 301 என்ற ஒரே வாக்கு வேறுபாட்டில் நிறைவேறியது. ஆனால் அது குழுநிலையில் தடைப்பட்டது, சபை கலைக்கப்பட்டது, பொதுத் தேர்தலில் சீர்திருத்தக் கட்சி பெருவெற்றி பெற்றது. அக்டோபரில் பிரபுக்கள் சபை புதிய மசோதாவை 41 வாக்கு மிகுதியால் தள்ளியது. பிரிஸ்டல், நாட்டிங்காம் முதலிய நகரங்களில் கலகம் மூண்டது. இறுதியில் 1832 ஜூன் 7-ஆம் நாள் மசோதா சட்டமாயிற்று. 56 தொகுதிகள் முற்றாக நீக்கப்பட்டன. ஓல்டு சாரம் அவற்றுள் ஒன்று. மான்செஸ்டர், பர்மிங்காம், லீட்சு ஆகியவை தலைக்கு இரண்டு உறுப்பினர்களைப் பெற்றன. உரிமையாளர் எவர்க்கும் நட்டஈடு கொடுக்கப்படவில்லை. வாக்குரிமை சொத்தன்று என்னும் கொள்கைக்கு அதுவே முதற் பெரும் வெற்றி.

அவ்வெற்றி முழுமையானதன்று. 1832-க்குப் பின்னும் வயதுவந்த ஆண்களில் ஐந்தில் ஒருவர்க்கே வாக்கு இருந்தது. பெண்களுக்கு அறவே இல்லை. தொழிலாளர் பெருவாரியாக வாக்குப் பெற 1867-ஐயும் 1884-ஐயும் எதிர்நோக்க வேண்டியிருந்தது. இரகசிய வாக்குமுறை 1872-இல் வந்தது. ஆணுக்கு நிகராகப் பெண்ணும் வாக்குப் பெற்றது 1928-இல்தான்.

நம் நாடு 1950-இல் அரசியலமைப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, இந்த நெடும்பாதையின் முடிவில் கிடைத்ததைத் தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்டது: வயதுவந்தோர் அனைவர்க்கும் ஒரே வாக்கு. ஒவ்வொரு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின்னும் தொகுதிகளைத் திருத்தி அமைக்க 82-ஆம் உறுப்பு வழி வகுத்தது. பட்டியலில் ஏறிய பெயர் குடி பெயர்ந்த பின்னும் நிலைத்துவிடும் தீங்கு நேராதிருக்கச் செய்த ஏற்பாடு அது. ஆனால் எண்ணிக்கை ஒன்றை மட்டும் பின்பற்றினால் வேறொரு சிக்கல் எழுகிறது. மக்கட்பெருக்கத்தைக் கட்டுப்படுத்திய மாநிலங்கள் அதன் காரணமாகவே இடங்களை இழக்கலாமா? இக்கேள்வியைக் கருதியே மாநிலங்களுக்குரிய மக்களவை இடங்களின் எண்ணிக்கை, 1971 கணக்கெடுப்பின் அடிப்படையிலேயே நிற்குமாறு 1976-இல் 42-ஆம் திருத்தம் செய்தது. 2001-இன் 84-ஆம் திருத்தம் அக்காலத்தை 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பு வரை நீட்டியது. ஓல்டு சாரத்தில் இருந்தது போன்ற தன்னலச் சிக்கல் அன்று இது; நேர்மையுள்ள இரு நியாயங்களுக்கு இடையேயுள்ள சிக்கல். அதனைத் தீர்க்க விழைவோர்க்கும் வரலாற்றறிவு வேண்டும்.

ஓல்டு சாரம் மேட்டில் இன்று கோட்டையின் இடிபாடுகளும் பழைய கோயிலின் அடித்தளமும் காட்சிக்கு உள்ளன. அங்கே யாரும் வலிமையால் வாக்குரிமையைப் பறித்துவிடவில்லை என்பதை மாணவர்கள் கவனித்தல் வேண்டும். சட்டம் மீறப்படவில்லை, ஆணை முறைப்படி வந்தது, தேர்தல் முறைப்படி நடந்தது, பதிவேடுகள் செம்மையாக இருந்தன. மக்கள் மட்டும் இல்லை. சடங்குகள் யாவும் குறைவின்றி நடக்கும்போதே மக்களாட்சி உள்ளே வெறுமையாகிவிடக் கூடும். ஆகையால் எந்தத் தேர்தலைப்பற்றிப் படித்தாலும், வென்றவர் யார் என்று கேட்பதோடு நில்லாமல், எண்ணப்பட்டவர் யார், எண்ணப்படாதவர் யார் என்றும் கேட்கப் பழகுங்கள்.